மீன்காரர் விற்கும் மோட்டார் சைக்கிள்

கிளிநொச்சி பஸ் கனகராயன்குளத்தைத் தாண்டியபோது, எனக்கு முன் இருக்கையில் இருந்தவர் மனைவியிடம் சொன்னார்.

“மீன்காரர் விக்கிற மோட்டச்சைக்கிள் ஒரு லட்சம் கிலோமீற்றர் ஓடிட்டுது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்திக்கொண்டு போகேக்க வழியில நிண்டால்?”

“எட்டு வருசமா அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் மீன் வாங்கச் சட்டியோட வாசல் படலைக்குப் போறனான். ஒரு நாளாவது அவர் உருட்டிக்கொண்டு வந்தவரே?”

“அப்ப ஏன் விக்கிறார்?”

“அவருக்கு முழங்கால் ஏலாதாம். மோட்டச்சைக்கிளுக்கு ஒண்டுமில்லை.”

கணவர் மனைவி பக்கம் திரும்பினார்.

“வாங்கலாம். ஆனா நான் அதில வரேக்க ஊர்ச்சனமெல்லாம் சட்டியோட வந்து நிக்குமே.”

“நிக்கட்டும்,” என்றாள் அவள். “அவர் இனி வரமாட்டார் எண்டு ஆராவது சொல்லத்தானே வேணும்.”