செல்லமும் சவலையும்

உங்கள் மேசையில் இரண்டு பேனா இருக்கின்றன, இன்ஸ்பெக்டர் மேடம். நான் உள்ளே வந்ததிலிருந்து பார்க்கிறேன், நீங்கள் நீலப் பேனாவைத்தான் எடுக்கிறீர்கள். கறுப்புப் பேனா என்ன பாவம் செய்தது என்று கேட்டால் உங்களுக்கே சொல்லத் தெரியாது. என்றோ ஒருநாள் மை கக்கியிருக்கும். அதன்பிறகு கை தானாக மற்றதைத் தேடும். பதினாறு வருடமாக நான் செய்த வேலையும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தப் பஸ் டிரைவரின் மகள் எப்படி இறந்தாள் என்று கேட்டீர்கள். அதற்கு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நாங்கள் வீடியோ கேம் செய்கிறவர்கள். ஒரே கேமை இரண்டு கன்சோலுக்கும் செய்து கொடுக்க வேண்டும். இரண்டுமே டிவியில் மாட்டி விளையாடுகிற பெட்டிகள்தான். எங்கள் ஆபீசில் யாரும் அவற்றின் கம்பெனிப் பெயரைச் சொல்வதில்லை. ஒன்று செல்லம், இன்னொன்று சவலை. பெயர் வைத்தது நான். அடுத்த பிள்ளை வந்ததும் தாய்ப்பால் நின்றுபோய், ஏங்கி மெலிகிற குழந்தையைச் சவலை என்பார்கள் இல்லையா, அதுதான். எல்லோரும் சிரித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

ஏன் இந்த ஓரவஞ்சனை என்று இணையத்தில் விசிறிகள் அடித்துக்கொள்வார்கள். காசு வாங்கிக்கொண்டு செய்கிறோம் என்பார்கள். அந்தக் கொடுப்பினையெல்லாம் எங்களுக்கு இல்லை. செல்லத்தின் உள்பாகங்கள் எங்கள் மேசைக் கணினியைப் போலவே இருக்கும். இங்கே எழுதியது அங்கே முதல் தடவையே ஓடும். காலையில் சந்தேகம் கேட்டால் சாயங்காலம் பதில் வரும். ஒருமுறை ஆளையே அனுப்பினார்கள். எங்களோடு நான்கு நாள் உட்கார்ந்து வேலை செய்துவிட்டுப் போனார். சவலைக்கு நினைவகம் பாதிதான். அதில் எதை வைத்தாலும் எதையாவது வெளியே தள்ள வேண்டும். கேள்வி அனுப்பினால் மூன்று வாரம் கழித்து, "கையேட்டில் 212ஆம் பக்கம் பார்க்கவும்" என்று பதில் வரும். 212ஆம் பக்கத்தில், "இந்தப் பகுதி பின்னர் சேர்க்கப்படும்" என்று இருக்கும். இப்படி ஏழு வருடம். யாருக்குத்தான் வெறுப்பு வராது, சொல்லுங்கள்.

ஆனால் சவலை விலை குறைவு. பிள்ளைக்கு முதல்முதலாக ஒன்று வாங்கிக் கொடுக்கிற வீடுகளில் அதுதான் இருக்கும். அதனால் இரண்டிலும் ஒரே நாளில் வெளியாக வேண்டும் என்பதில் எங்கள் முதலாளி கறாராக இருந்தார்.

இப்போது வெளிச்சத் தடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது என் கையால் எழுதியது. அதில் எனக்குப் பெருமை உண்டு. என் அக்கா மகனுக்கு ஆறு வயதிருக்கும்போது, என் வீட்டில், நான் செய்த கேமைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். திரையில் வெளிச்சம் விட்டுவிட்டு அடித்தால் சில பிள்ளைகளுக்கு வலிப்பு வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தது நான்தான். இரண்டரை நிமிடம் நீடித்தது. என் சட்டையெல்லாம் அவன் எச்சில். அக்கா பக்கத்தில் நின்று, "என்னடா ஆச்சு, என் பிள்ளைக்கு என்னடா ஆச்சு" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனவே, எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று நான் சொல்லப் போவதில்லை.

அந்த மாதமே தடுப்பை எழுதினேன். திரை எவ்வளவு வேகமாக மின்னுகிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும்; அளவு மீறினால் வெளிச்சத்தை மட்டுப்படுத்தும். அமைப்புகளில் ஒரு பொத்தான் வைத்தேன்: "கண் கூசும் ஒளியைக் குறை." அன்றிலிருந்து எங்கள் கேம் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. பெற்றோர் சங்கம் ஒன்று பாராட்டிச் சான்றிதழ்கூட அனுப்பியது. வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள், நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

போன வருடத்துக் கேமில் ஒரு புயல் கட்டம் வரும். நடுக்கடலில் ஒரு படகு, நிற்காத மின்னல். செல்லத்தில் அருமையாக ஓடியது. சவலையில் அந்தப் பொத்தானைப் போட்டால் மட்டும் படம் திக்கித் திக்கி வந்தது. மின்னலையும் காட்டி, அதை அளந்தும் பார்க்க அதற்குத் தெம்பு இல்லை. எந்த அமைப்பைப் போட்டாலும் படம் திக்கக் கூடாது என்பது சவலைக்காரர்களின் விதி. திக்கினால் கேமைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கையில் ஒன்பது நாள்தான் இருந்தது. சரிசெய்ய மூன்று வாரமாவது ஆகும்.

முதலாளியிடம் தவணை கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். முணுமுணுத்திருப்பார், கொடுத்திருப்பார். நான் கேட்கவில்லை. இந்தச் சவலைக்காக இன்னும் மூன்று வாரம் மாரடிக்க வேண்டுமா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிதாக ஏதாவது இருக்கும் என்று நீங்கள் எதிர்பார்த்தால், இல்லை.

சவலைக்கான நிரலில், புயல் கட்டத்தில், தடுப்பைக் கூப்பிடுகிற வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டேன். சாய்கோடு போட்ட வரியை மெஷின் படிக்காது. படம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

பொத்தானை எடுக்கவில்லை. எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று நாலு பேர் கேட்பார்கள். எனவே அது திரையில் இருந்தது. போட்டால் பச்சை விளக்கு எரியும். புயல் கட்டத்தில் அது எதோடும் சேர்ந்திருக்கவில்லை.

கேமை ஓட்டிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிற எங்கள் டெஸ்டர் பெண்ணுக்குக் கழுகு என்று பட்டப்பெயர். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. வெளியீட்டுக்கு ஐந்து நாள் இருக்கும்போது என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணா, சவலையில லைட் டெஸ்ட் நான் ஓட்டவே இல்லையே. பாஸ்னு ரிப்போர்ட் மட்டும் எப்படி வந்துச்சு?"

"செல்லத்துல ஓட்டினியே, அதுதாம்மா. ரெண்டுக்கும் ஒரே புரோகிராம்தான். அங்க ஓடினா இங்கயும் ஓடும்."

"ஓடுமா, இல்ல ஓடணுமா?"

"ஓடும். நீ போய்ச் சாப்பிடு, மணி மூணாகுது."

அவள் சாப்பிடப் போகவில்லை. நேராகப் போய்க் குறைகள் பட்டியலில் எழுதி வைத்தாள்: சவலை, புயல் கட்டம், வெளிச்சச் சோதனை செய்யப்படவில்லை. நான் அதைத் திறந்து, "சரிசெய்யப்பட்டது" என்று குறித்து மூடினேன். பிற்பாடு பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன். உங்கள் ஆட்கள் அதை எப்படித் திரும்ப எடுத்தார்கள் என்று தெரியவில்லை. கெட்டிக்காரர்கள்.

கேம் வெளியானது. சவலையில் இவ்வளவு அழகான புயலா என்று விமர்சகர்கள் எழுதினார்கள். ஏழு வருடத்தில் அந்த மெஷினைப் பற்றி எனக்கு வந்த முதல் பாராட்டு அது. உண்மையைச் சொன்னால், அன்று அதன் மேல் கொஞ்சம் பாசம்கூட வந்தது.

பதினேழாம் நாள் அந்த டிரைவர் வந்தார். வேலைச் சட்டையோடு, கையில் ஒரு துணிப்பை. வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு அவரை என்ன செய்வதென்று தெரியவில்லை. என் தலையில் கட்டிவிட்டாள். பைக்குள் சவலை இருந்தது. மேல்மூடியில் பூனை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"சார், இதுல கரண்ட் ஏதாச்சும் கசியுதான்னு பாத்துச் சொல்லணும். கடையில கேட்டா, கேம் செஞ்சவங்களைப் போய்க் கேளுன்னாங்க."

உட்காரச் சொன்னேன். அவரே சொன்னார். மகளுக்கு ஒன்பது வயது. பள்ளிவிட்டு வந்து விளையாடிக்கொண்டிருந்தாள். அம்மா மாடியில் துணி எடுக்கப் போயிருந்தாள். இறங்கி வந்தபோது பிள்ளை தலையணையில் முகம் புதைந்து கிடந்தது. டிவியில் படகு ஆடிக்கொண்டிருந்ததாம்.

"அவளுக்கு வலிப்பு உண்டு சார். அதனாலதான் அந்த வெளிச்சம் குறைக்கிற பொத்தானைப் போட்டே வெச்சிருந்தோம். டாக்டர்கிட்டகூடக் கேட்டோம், அது இருந்தா பரவாயில்லைன்னாரு. அப்போ வெளிச்சத்தால இருக்காது. கரண்டாத்தான் இருக்கணும். பழைய ஒயர் சார். நான்தான் மாட்டிக் கொடுத்தேன்."

திருப்புளி எடுத்துவந்தேன். ஸ்டிக்கர் கிழியாமல் மூடியைக் கழற்றினேன். மீட்டர் வைத்து ஒவ்வொரு இடமாகப் பார்த்தேன். ஒயரையும் பார்த்தேன். அரைமணி நேரம் ஆனது. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரண்ட் கசியலை. ஒயர்லயும் ஒண்ணும் இல்லை. உங்க மேல எந்தத் தப்பும் இல்லை," என்றேன். இதில் ஒரு வார்த்தை பொய் உண்டா, மேடம்? அவர் நெஞ்சிலிருந்த பாரத்தை நான்தான் இறக்கி வைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றி சார்" என்றார். மூடியைப் போட்டுப் பையில் வைத்துக் கொடுத்தேன். லிஃப்ட் வரைக்கும் கூடப் போனேன்.

அன்று மதியமே சாய்கோடுகளை எடுத்தேன். மூன்று வாரம் ஆகும் என்று நினைத்த வேலை, உட்கார்ந்தால் ஆறு நாளில் முடிந்துவிட்டது. "சிறு மேம்பாடுகள்" என்ற தலைப்பில் திருத்தம் வெளியிட்டோம். அதற்குள் இன்னும் நான்கு வீடுகளிலிருந்து கடிதம் வந்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் பிழைத்துக்கொண்டார்கள். முதலாளி விசாரித்தார். சவலையில் லைட் டெஸ்ட் ஓட்டவேண்டியது டெஸ்டர் வேலை, ஓட்டவில்லை என்றேன். அதுவும் உண்மைதான். கழுகு பட்டியலில் எழுதியதாகச் சொன்னாள். பட்டியலில் இல்லை. அன்று மாலையே மேசையைக் காலி செய்தாள். போகும்போது என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். "ஓடும்னீங்களேண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

இத்தோடு விஷயம் முடிந்திருக்கும். உங்கள் கையில் இருக்கிற அந்தத் தாள் மட்டும் இல்லையென்றால், கவனக்குறைவு என்று எழுதி மூடியிருப்பீர்கள். அது வெளியீட்டுக்கு எட்டு நாள் முன்பு, சாய்கோடு போட்ட மறுநாள், நான் அக்காவுக்கு அனுப்பிய செய்தி. கொடுங்கள், படித்தே காட்டுகிறேன்: "அக்கா, நம்ம புது கேம் வருது. பிள்ளையை வீட்ல இருக்கிற மெஷின்ல மட்டும் ஆடச் சொல்லு. கூட்டாளிங்க வீட்ல அந்த விலை கம்மி மெஷின்ல ஆடவே விடாத. ஏன்னு கேக்காத."

அக்கா வீட்டில் இருப்பது செல்லம். நானே வாங்கிக் கொடுத்தது.

அக்கா கேட்கவில்லை. என் பேச்சை அவள் என்றுமே தட்டியதில்லை. மூன்று மாதம் கழித்து, டிரைவரின் மகளைப் பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டுத்தான் போன் செய்தாள். "ஏன்னு கேக்காதன்னியே, இப்ப கேக்கறேன். சொல்லு," என்றாள். நான் அவளுக்கும் பொய் சொல்லவில்லை. சவலையைப் பற்றி, 212ஆம் பக்கத்தைப் பற்றி, ஒன்பது நாளைப் பற்றி எல்லாம் பொறுமையாகச் சொன்னேன். பாதியில் வைத்துவிட்டாள். மறுநாள் அந்தச் செய்தியை உங்களிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறாள். கூடப்பிறந்தவள்.

எழுதிக்கொள்ளுங்கள், மேடம். தெரிந்தே செய்தேன். யாருக்கு ஆகும், எப்படி ஆகும், எத்தனை நிமிடம் ஆகும் என்பது வரைக்கும் தெரியும். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். அக்கா மகனுக்கு இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை. நல்லபடியாகப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறான். ஒரு தாய்மாமன் இதற்குமேல் என்ன செய்ய முடியும்? அந்த டிரைவர், முன்பின் தெரியாத மனிதர், கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். அக்கா இன்னும் சொல்லவில்லை.