பெயரை மறைத்துக் காட்டிய படம்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் துறைத் தலைவர்களே! செவிலியச் சகோதரிகளே, ஆய்வுக்கூட நண்பர்களே, ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் சமையற்கூடத் தோழர்களே! முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் ரொட்டிக்கடை ஐயா அவர்களே! இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் அனைவரையும் வணங்குகிறேன். உங்களை மட்டும், ஐயா, நிமிர்ந்து பார்த்து வணங்க என்னால் இயலவில்லை.

உங்கள் துணைவியாரை, நம் கதிரியல் துறைத் தலைவரை, இந்த மருத்துவமனையில் யார் பதவி சொல்லி அழைத்தோம்? எல்லோருக்கும் அவர் 'ஆனா டாக்டர்'தான்! ஸ்கேன் படத்தைப் பார்த்து நாம் ஒன்று சொல்வோம். "நிமோனியா மாதிரிதான் இருக்கு" என்று அவரும் தலையாட்டுவார். அப்பாடா என்று எழுந்திருக்கும்போது, "ஆனா..." என்பார். போச்சு! அன்றைக்கு நம் மதியச் சாப்பாடு ஆறிப்போகும்.

அவர் எதைத் தேடினார்? சமையற்கூடத் தோழர்களுக்கும் புரியும்படி சொல்கிறேன். அவர் அப்படித்தான் சொல்வார். வேறோர் உறுப்பில் தோன்றிய புற்றுநோய் பெரும்பாலும் இரத்தத்தோடு நுரையீரலுக்கு வருகிறது. படத்தில் உருண்டை உருண்டையாகத் தெரியும். அதை யாரும் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் சில வேளை அது மூச்சுக்குழாய்க்குள் முளைத்து ஆஸ்துமா போல இழுக்கும். சில வேளை பொடி தூவியதுபோல் பரவி, காசநோய் என்று நம்மை நம்பவைக்கும். சில வேளை நிணநீர் ஓடும் நுண்ணிய குழாய்களில் ஊர்ந்து, நுரையீரல் முழுவதும் வலையாகப் படரும். பார்ப்பவர் நீர் கோத்திருக்கிறது என்றோ சளி என்றோ எழுதிவிட்டுப் போய்விடுவார்.

இவற்றை அவர் "புறவாசல் விருந்தாளிங்க" என்பார். "முன்வாசல்ல வர்றவங்களை வாட்ச்மேனே பார்த்துப்பார். புறவாசலைப் பார்க்கத்தான் நமக்குச் சம்பளம்!" ஆஸ்துமா என்று நான் மருந்தை உறிஞ்சும் பம்ப் எழுதிக்கொடுத்த ஒரு பேருந்து நடத்துநரின் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, என் அறைக்கே வந்து "ஆனா..." என்றார். சிறுநீரகத்திலிருந்து கிளம்பிய கட்டி மூச்சுக்குழாய்க்குள் உட்கார்ந்திருந்தது. அந்த நடத்துநர் அதோ, கடைசி வரிசையில் நிற்கிறார். அவரைக் காப்பாற்றிய பெருமை எனக்குக் கிடைத்தது. நானும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது நம் வீட்டுப் பழக்கத்துக்கு வருகிறேன். நாம் ஒருவருக்கொருவர் எப்படி வைத்தியம் பார்க்கிறோம்? சீட்டு எடுக்கிறோமா? வரிசையில் உட்காருகிறோமா? லிஃப்ட் வாசலில் பார்க்கிறோம்! டீ கவுண்டரில் பார்க்கிறோம்! நடந்துகொண்டே பார்க்கிறோம்! சக மருத்துவருக்குச் செய்யும் சலுகை என்று அதற்குப் பெயர் வேறு வைத்திருக்கிறோம்.

ஆனா டாக்டர் இருமினார். நான் நுரையீரல் மருத்துவன். என்ன செய்தேன்? டீ தம்ளரை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, "நாள் பூரா ஏசி ரூம்ல கிடக்கிறீங்க, அலர்ஜிதான்" என்று ஒரு மாத்திரைப் பெயரைச் சொன்னேன். "ஆனா..." என்றார். "உங்களுக்கே ஆனாவா?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார், சிரிப்பு இருமலாக மாறியது. இதய மருத்துவர் வாயுத் தொல்லை என்றார். காது மூக்கு மருத்துவர் தொண்டைப் புண் என்றார். எங்கள் எல்லோர் கழுத்திலும் ஸ்டெதாஸ்கோப் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருவராவது அதைக் கழற்றி அவர் முதுகில் வைத்தோமா? இல்லை! வெட்கப்படுகிறேன், நண்பர்களே.

புதன்கிழமை மதியக் கூட்டம் உங்களுக்குத் தெரியும். ஒருவர் ஒரு படம் கொண்டுவருவார். நோயாளியின் பெயர் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். மற்றவர்கள் நோயைச் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னவர் எல்லோருடைய டீ தம்ளரையும் கழுவ வேண்டும். ஒரு புதன்கிழமை ஆனா டாக்டர் படம் கொண்டுவந்தார். லிஃப்ட் அன்று வேலை செய்யவில்லை. படத்தை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு, கதவோரம் சாய்ந்து நின்றுகொண்டார்.

எவ்வளவு அருமையாகப் பார்த்தோம் தெரியுமா! நோயாளி நடுவயதுப் பெண் என்றோம். "நீர் கோத்திருக்கு" என்றார் இதய மருத்துவர். "இதயம் வீங்கவே இல்லையே சார், எங்கிருந்து நீர்?" என்று நான் மடக்கினேன். மூக்கு உரச நின்று, ஒவ்வொரு கோடாகத் தொடர்ந்தேன். "இது நிணநீர் வழி. புறவாசல். வயித்துல தேடணும்" என்றேன். "இந்தம்மா படியேறி வந்தாங்கன்னா என் மீசையை எடுத்துடறேன்" என்றார் அறுவை மருத்துவர். சிரித்தோம். என் பதில் சரி என்று எல்லோரும் ஒத்துக்கொண்டதும் கைதட்டினோம். ஆமாம், கைதட்டினோம்! "தம்ளர் கழுவப்போறது யாரு?" என்று கேட்டவன் நான்தான்.

அவர் மெல்ல வந்து பிளாஸ்திரியை உரித்தார். அவர் பெயர்.

"சரியாத்தான் சொன்னீங்க. வயித்துலதான் இருக்கு, நேத்து வெளி ஆஸ்பத்திரியில பார்த்துட்டாங்க" என்றார். பிறகு, "பேர் தெரியலைன்னா எவ்வளவு நல்லா பாக்கறீங்க!" என்றார். கோபத்தில் சொல்லவில்லை. மனதாரப் பாராட்டினார். அந்தப் பாராட்டை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

மீசை டாக்டருக்கு மீசை எங்கே என்று இன்று வாசலில் சிலர் கேட்டீர்கள். இப்போது தெரிந்திருக்கும். தயவுசெய்து இனி அவரிடம் கேட்காதீர்கள்.

ரொட்டிக்கடை ஐயா என்னிடம் ஒன்று சொன்னார். "உங்க ஆஸ்பத்திரியிலேயே இத்தனை டாக்டர் இருக்காங்களே, யார்கிட்டயாவது காட்டேன்னு நச்சரிச்சுக்கிட்டே இருந்தேன். அவ, 'எல்லார்கிட்டயும் காட்டிட்டேன், நல்லா பாத்தாங்க'ன்னு சொன்னா சார்" என்றார். சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்து நன்றி வேறு சொன்னார். ஐயா! அந்த நன்றியைத் திருப்பித் தருகிறேன். முன்பே பார்த்திருந்தால் அவர் இன்று இருந்திருப்பாரா? தெரியாது. புறவாசல் வழி வந்த இந்த நோய் அதிகக் காலம் தருவதில்லை. ஆனால் நிம்மதியாக மூச்சுவிடும் சில மாதங்களை நாங்கள் அவருக்கு வாங்கித் தந்திருக்கலாம். சக மருத்துவரிடம் தன் பெயரை மறைத்துக்கொள்ளாமல் அவர் நோயாளியாக உட்கார்ந்திருக்கலாம்.

இத்தோடு முடிந்ததா? இன்று காலை இங்கே நாற்காலி போட்டுக்கொண்டிருந்த தலைமைச் செவிலியர், "ரொம்ப நாளா முதுகுல வலி டாக்டர், என்ன போட்டுக்கலாம்?" என்று கேட்டார். என் வாய் ஒரு மாத்திரைப் பெயரைச் சொல்லிவிட்டது. மாலை போட்ட ஆனா டாக்டரின் இந்தப் படத்துக்குக் கீழே நின்றே சொன்னேன்!

அடுத்து அனைவரும் எழுந்து, அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும் என்கிறது நிகழ்ச்சி நிரல். கைநீட்டி உறுதி சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. சிஸ்டர், எழுந்திருங்கள். புறநோயாளி அறை திறந்துதான் இருக்கிறது. சீட்டு போடுவோம்; உங்கள் முழுப்பெயரும் அதில் இருக்கட்டும். உட்கார்ந்து, முதலிலிருந்து கேட்கிறேன். தலைவர் அவர்கள் மன்னிக்க வேண்டும், நான் மேடையிலிருந்து இறங்குகிறேன்.

அதோ, கையை ஆட்டுகிறார். "ஒண்ணுமில்லை டாக்டர், கூட்டம் முடியட்டும்" என்கிறார்.

ஒன்றுமில்லாமல் இருக்கலாம், சிஸ்டர். ஆனா...