எக்ரீஜியஸ் மேலாளருக்கு ஒரு கேடயம்

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! நரைத்த தலையும் நிமிர்ந்த நெஞ்சுமாய் முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு என் அறுவையைக் கேட்க வந்த அன்புத் தாய்மார்களே! இவன் எப்போது முடிப்பான் என்று வாசலிலேயே நிற்கும் நண்பர்களே! அனைவருக்கும் என் பணிவு.

'எக்ரீஜியஸ்' என்றோர் ஆங்கிலச் சொல். வாயில் நுழையாத சொல். என் வாழ்வில் நுழைந்துவிட்ட சொல்!

அப்போது நான் குடிநீர் அலுவலகத்தில் தற்காலிகத் தட்டச்சர். ஆறாண்டுத் தற்காலிகம்! என்னை நிரந்தரமாக்கும் உத்தரவு மேலாளரின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அவரோ அன்று மாலையோடு ஓய்வு பெறுகிறார். விழாக் கேடயத்துக்கு வாசகம் எழுதியவன் நான். சாதாரணச் சொல்லுக்கா சாய்வார் அவர்? அட்டை கிழிந்த பழைய அகராதியைப் புரட்டினேன். கண்டேன்! லத்தீனில் 'எக்ஸ்' என்றால் வெளியே. 'கிரெக்ஸ்' என்றால் மந்தை. மந்தையிலிருந்து தனித்து உயர்ந்தவர், மிகச் சிறந்தவர், எக்ரீஜியஸ்! பித்தளையில் பொறிக்கச் செய்தேன்: 'எங்கள் எக்ரீஜியஸ் மேலாளருக்கு.'

மேடையில் மேலாளர் வாசித்தார். முகம் மலர்ந்தது. பக்கத்தில் அவர் மகள், ஆங்கில ஆசிரியை. அவர் முகம் மலரவில்லை.

"அப்பா, இது பாராட்டு இல்லப்பா. படுமோசம்னு அர்த்தம். ஊரே பார்க்கிற மாதிரி மோசம்!"

எப்படி நேர்ந்தது இந்த வீழ்ச்சி? புகழ்ச்சியாய்ப் பிறந்த சொல்லைக் கிண்டலாகச் சொல்லிச் சொல்லியே வசையாக்கிவிட்டார்கள், அவையோரே! "நல்ல ஆளுய்யா நீ" என்று வீட்டில் சொன்னால், அது புகழ்ச்சியா தாய்மார்களே? அதோ ஓர் அம்மா 'இல்லவே இல்லை' என்கிறார். அருகே கணவர் தலைகுனிகிறார். சாட்சி போதும்! நம் 'நாற்றம்' ஒரு காலத்தில் நறுமணம் அல்லவா? இன்று விருந்துக்குப் போன வீட்டில் "என்ன நாற்றம்!" என்று வாழ்த்திப் பாருங்கள்!

சரி, விழா மேடைக்குத் திரும்புவோம். மேலாளர் என்னைப் பார்த்தார்.

"டைப்பிஸ்ட், இங்க வாய்யா. வேணும்னே எழுதினியா?"

மேடை ஏறினேன்.

"ஐயா, சத்தியமா நல்ல வார்த்தைன்னுதான் நினைச்சேன். அகராதி ரொம்பப் பழசுங்க ஐயா."

அவர் கேடயத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"ஆறு வருஷமா உன்னை இப்படி அந்தரத்துலயே தொங்க விட்டிருக்கேன். புது அகராதி சொல்ற அர்த்தம்தான்யா எனக்குச் சரி. போய் அந்த உத்தரவை எடுத்துட்டு வா."

ஓடினேன். கேடயத்தையே பலகையாக வைத்துக் கையெழுத்திட்டார்! எல்லோரும் கைதட்டினார்கள், நான் மட்டும் அழுதேன்.

அஞ்சி அஞ்சிப் புகழ்வது எளிது. ஆயிரம் பேர் புகழ்வார்கள். ஆனால் புகழ வந்த சபையின் நடுவே, 'பிழை என்னுடையது' என்று சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? எத்தனை பேருக்கு வரும்?

பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு என் நன்றி. வணக்கம்! 'வணக்கம்' என்ற சொல்லின் பொருள் இன்றுவரை மாறவில்லை. வரும் வழியில் விசாரித்துவிட்டேன்.