புது மெசின் பழகும் வரைக்கும்

— ரெண்டு நிமிசமாச்சுங்க. படத்துல இன்னும் கூரை மட்டுந்தான் வந்திருக்குது. தூணைக் காணோம், வாசப்படியைக் காணோம்.

— வரும் அம்மணி. புதுசு. மெதுவாத்தான் வரும்.

— புதுசுன்னா வெசயா வரோணுமுங்க! எட்டு வருசத்து பி.எஃப். மொத்தத்தையும் கொட்டி வாங்குன லேப்டாப்பு. ஆபீசுல நான் ஓட்டிட்டிருந்த பழைய பெட்டிகூட இதே மாதிரிப் படத்தை ரெண்டே நிமிசத்துல துப்பிப்போடும்.

— ஒரு படத்துக்கு ரெண்டு நிமிசம் கூட ஆனா என்ன இப்ப? காப்பி குடிச்சு முடிக்கறக்குள்ள வந்துரும்.

— ஒரு படமா? ஏனுங்க, எத்தனை தடவைங்க சொல்றது? அன்னூர் மண்டபத்துக்காரரு ஒரு நிமிச வீடியோ கேட்டிருக்கறாரு. கட்டறதுக்கு முன்னாலயே மண்டபத்துக்குள்ள நடந்து போற மாதிரி. ஒரு செகண்டுக்கு இருபத்தஞ்சு படம். ஒரு நிமிசத்துக்கு ஆயிரத்தி ஐநூறு. ஒண்ணொண்ணுக்கும் நாலு நிமிசம்னா நூறு மணி நேரமுங்க. திங்கக்கிழமை காலைல குடுக்கோணும். இன்னைக்கு வெள்ளி, மணி நாலேமுக்கால்.

— கணக்குல நீ கெட்டிக்காரி, நித்யா.

— சிரிக்காதீங்க. எனக்கு எரியுது. அஞ்சு மணிக்குள்ள பழைய ஆபீஸ் சாருக்குப் பதில் சொல்லோணும். திரும்ப வேலைக்கு வாரேனா இல்லியான்னு. இல்லீன்னா அந்தச் சீட்டுக்கு வேற ஆளுங்கறாரு.

— போனா என்ன கொறைஞ்சு போச்சு? மதுக்கரைக்குப் பஸ்ஸு வாசல்லயே நிக்குது. மாசம் பொறந்தா சம்பளம். நீயும் நிம்மதி, நானும் நிம்மதி.

— எட்டு வருசம் நான் வரைஞ்ச வீடு எல்லாத்துலயும் அவரு பேருதானுங்க இருக்குது. என்ற பேரு போட்டுக் குடுக்கற மொத வேலை இது. இதைக் கோட்டை உட்டா அடுத்து எவருங்க கூப்புடுவாங்க? இருங்க, கடைக்கே போனைப் போடறேன். ஸ்பீக்கர்ல போடறேன், நீங்களும் கேளுங்க... ஏனுங்க ஷாநவாஸ், நான் நித்யஸ்ரீ பேசறேனுங்க. மூணு வாரத்துக்கு முன்னால உங்ககிட்ட லேப்டாப்பு வாங்குனனுங்களே.

— சொல்லுங்கக்கா! வண்டி எப்படிப் பறக்குது?

— பறக்கறதா? தவழுது. மாடல் காட்டறப்ப நீங்க என்னமோ குதிரைங்கற மாதிரிப் பேசுனீங்க.

— குதிரைதாங்க்கா. நான் வித்ததுலயே பெரிய மெசின் அது. ஒரு நிமிசம், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இப்ப படம் ஓடிட்டிருக்குதா? விசிறிச் சத்தம் எப்படி இருக்குது?

— சத்தமே இல்லீங்க. வந்த ரெண்டாம் நாள்ல இருந்தே கம்முனுதான் கெடக்குது. அது ஒண்ணுதான் அதுல நல்லது.

— அய்யோ அக்கா, அதான் கெட்டது! முழு லோடுல படம் போட்டா அது சட்னி அரைக்கற மிக்ஸியாட்டம் கத்தோணும். உள்ள படம் வரையறதுக்குன்னே தனியா ஒரு சிப்பு இருக்குது. அது நூத்தி நாப்பது வாட் கரண்டு குடிச்சாத்தான் முழு வேலை செய்யும். குடிச்சா சூடாகும், சூடானா விசிறி சுத்தோணும். விசிறி சுத்தலைன்னா என்ன அர்த்தம்? சிப்பு பட்டினி கெடக்குதுன்னு அர்த்தம்.

— கிருபா பேசறேனுங்க. வோல்டேஜ் கம்மியா இருக்கறப்ப மோட்டாரு மொனகுமே, அது மாதிரிங்களா?

— அட, கிருபாண்ணா! அதேதானுங்ணா. அக்கா, மேல் வரிசைல விசிறிப் படம் போட்டு ஒரு பட்டன் இருக்குதா?

— இருக்குதுங்க.

— ஒரு தட்டுத் தட்டுங்க. திரையில என்ன வருது?

— 'சைலண்ட்'னு வந்துச்சு... மறுக்காத் தட்டுனேன், 'நார்மல்'... இப்ப 'டர்போ'. அம்மாடி! ஏனுங்க, சத்தத்தைக் கேளுங்க! லாரி ஏர் உடற மாதிரி!

— அதாங்க்கா மெசினு. சைலண்ட்ல வச்சா முப்பத்தஞ்சு வாட்டுக்கு மேல குடிக்க உடாது. கால் வயித்துக் கஞ்சி. ஆனா ஒண்ணுங்க்கா, அது தானா மாறாது. கடையில நார்மல்ல வச்சுத்தான் குடுத்தோம். யாரோ கையில அமுத்தியிருக்கோணும்.

— இந்த ஊட்டுல ரெண்டே பேருதானுங்க இருக்கறம். நான் அமுத்தலை.

— காப்பி ஆறிப்போச்சு, சூடு பண்ணிட்டு வாரேன்.

— ஏனுங்க. இக்கட்டால, என்ற பக்கம் திரும்புங்க. நீங்களா?

— நாந்தான் அம்மணி. சொன்னாக் கேளு, கோவிச்சுக்காத. புது மெசினை எடுத்ததும் முழு வேகத்துல உடலாமா? எங்க பம்பு கம்பெனில மோட்டாரு ரெடியாகி வந்தா மொத மொதல்ல லோடு குடுக்காமத்தான் ஓட்டுவம். பேரிங்குக்குள்ள கிரீஸ் சுத்திப் பரவோணும். புது பைக்கைக்கூட ஆயிரம் கிலோமீட்டருக்கு நாப்பதைத் தாண்டி உடமாட்டேன், நீதான் பின்னால உக்காந்து திட்டிட்டே வருவ. மொத நாளே விசிறி அந்தக் கத்துக் கத்துச்சு. நீ குளிக்கப் போனப்ப அமுத்திப்போட்டேன்.

— ஷாநவாஸ், கேட்டீங்களா இந்த அநியாயத்தை?

— சிரிக்கக் கூடாதுதான், அடக்க முடியலீங்க்கா. ங்ணா, சிப்புக்குள்ள சுத்தறது ஒண்ணுமே இல்லீங்ணா. தேயறதுக்கும் ஒண்ணுமில்ல, பழகறதுக்கும் ஒண்ணுமில்ல. மொத நிமிசத்துல இருந்தே முழு வேகத்துல அடிக்கலாம்.

— விசிறில பேரிங் இருக்குதுங்களே? நிமிசத்துக்கு எத்தனை சுத்து?

— அஞ்சாயிரம் வருமுங்ணா.

— அஞ்சாயிரமா! எங்க மோட்டாரே ரெண்டாயிரத்தி எட்டுநூத்தி எண்பதுதானுங்க!

— இப்ப அதுவா முக்கியம்? மூணு வாரமா தலையைப் பிச்சுட்டு உக்காந்திருக்கறேன். சாப்ட்வேரைத் தப்பாப் போட்டுட்டனோன்னு நாலு தடவை அழிச்சு மறுக்காப் போட்டேன். என்ற வேலைக்குத்தான் துப்பில்லைன்னு நெனைச்சுட்டேனுங்க... இருங்க, இருங்க. டர்போல போட்ட அடுத்த படம் வந்துருச்சு! தூணு, வாசப்படி, வாசல்ல வாழைமரம் எல்லாமே. அம்பத்தெட்டு செகண்டு!

— நான் சொல்லலீங்ளா? குதிரைங்க்கா அது. கடைக்கு ஆளு வந்திருக்குது, நான் வெச்சறட்டுங்களா?

— ரொம்ப நன்றிங்க ஷாநவாஸ்... ஏனுங்க, ஒரு நிமிசத்துக்கு ஒரு படம்னா இருபத்தஞ்சு மணி நேரந்தான். நாளைக்குச் சாயங்காலமே முடிஞ்சுரும்! சாருக்கு வரலைன்னு சொல்லிப்போடறேன்.

— யோசிச்சுச் சொல்லு. ஒரு வேலை முடிஞ்சா அடுத்தது வரோணுமில்ல?

— வரும். நல்லாக் கெளப்புனீங்க போங்க, லேப்டாப்புக்கு கிரீஸ் பரவறதை! ஊரு பூராச் சொல்லிச் சிரிக்கப்போறேன். அது சரி, எத்தனை மணி நேரம் பழக்கறதா இருந்தீங்க?

— அம்பது.

— உங்களைத் தெரியாதா எனக்கு? கம்பெனி டெஸ்ட் பெஞ்சுல மோட்டாரு ஓடுன நேரத்தை எழுதற மாதிரி எழுதி வச்சிருப்பீங்களே.

— அதெல்லாம் எதுக்கு இப்ப? அஞ்சாகப்போகுது, போனைப் போடு மொதல்ல.

— சட்டைப் பாக்கெட்டுல துருத்திட்டிருக்குதே அந்த அட்டைதானுங்க? குடுங்க... அடேயப்பா, தேதியோட! ஆறு மணி நேரம்... அஞ்சரை... மொத்தம் நாப்பத்தி நாலு... அம்பத்தொண்ணு. கீழ கோடு வேற போட்டிருக்கறீங்க. இது போன வாரம் புதன்கிழமையே முடிஞ்சு போச்சுங்களே?

— இருக்கும்.

— இருக்குமா? ஒம்பது நாளாச்சு. பழகி முடிஞ்ச மெசினை எதுக்குங்க ஒம்பது நாளு அமுத்தியே வச்சிருந்தீங்க?

— அந்தப் புதன்கிழமதான அம்மணி நீ மொத மொதல்ல சொன்னே, பேசாம ஆபீசுக்கே போயர்றேன்னு.