மச்சான் பார்த்துச் சொன்ன வீடு

வீடு வாங்கப் போகிறவர்கள் முதலில் குழாய்களைத் திறந்து பார்க்க வேண்டும், சார். பெரும்பாலோர் சமையல் மேடையைத் தடவிப் பார்த்து, ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்து, மனத்துக்குள்ளேயே சோபாவைப் போட்டு உட்கார்ந்தும் விடுகிறார்கள். அதனால்தான் என் பிழைப்பு ஓடுகிறது. நான் கட்டடப் பொறியாளன். வாங்கும் முன் ஒரு வீட்டைச் சோதித்து, தேறுமா தேறாதா என்று சொல்வது என் தொழில்.

என் தங்கையின் கணவர் பெரிய அறிவாளி. இதை நான் சொல்லவில்லை, அவரே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டு மாப்பிள்ளையான நாள் முதல், என் அறியாமையைப் போக்குவதை ஒரு சேவையாகவே செய்துவந்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்றாலும் சிமென்ட் கலவை பற்றி எனக்கு வகுப்பு எடுப்பார். நான் வாயைத் திறந்தால், "மச்சான், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். தங்கையும் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். குடும்பத்தில் ஒற்றுமை முக்கியமல்லவா.

அவர்கள் வீடு தேடியபோது இரண்டு வீடுகளை நான் வேண்டாம் என்றேன். ஒன்றில் சுவரெல்லாம் ஈரம், இன்னொன்றில் அஸ்திவாரம் இறங்கியிருந்தது. மாப்பிள்ளை பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டார். உறவினர்கள் கூடியிருந்த ஒரு மதியம் மட்டும், "குத்தம் கண்டுபிடிக்கலேன்னா மச்சானுக்குச் சாப்பாடு செரிக்காது. சொந்தமா வீடு கட்டத் துப்பில்ல, அடுத்தவன் கட்டினதத் தட்டிப் பாத்தே காலத்த ஓட்டிட்டார்" என்றார். தப்பில்லை. நான் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன்.

பிறகு இந்த வீடு வந்தது. புறநகரில் பழைய, அமைதியான தெரு. மரங்கள் மேலே கைகோத்து நிற்கும். வீடுகளெல்லாம் தாழ்வானவை, மதில்களில் பாசி. அவற்றுக்கு நடுவே ஒரு பழைய வீட்டை இடித்துவிட்டுச் சில வருடங்களுக்கு முன் எழுப்பிய புதுசு. கண்ணாடியும் சாம்பல் நிறக் கல்லுமாக, கிழவர் வாயில் கட்டிய பொய்ப்பல் போலப் பளபளத்தது.

நான் நேர்மையாகவே பார்த்தேன். குழாய், வடிகால், மின்சாரம், கூரை எல்லாம் கச்சிதம். கடைசியாக மாடிப் பால்கனி. தூண் இல்லாமல் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. தரைக் கற்கள் வெயிலில் மங்கியிருக்க, சுவரை ஒட்டிய ஒரு வரிசை மட்டும் புத்தம் புதிது. தட்டினேன்; அடியில் காலி. ரசமட்டம் வைத்தேன்; தளம் தெருப்பக்கம் சாய்ந்திருந்தது. பால்கனி சுவரை விட்டுப் பிரிந்துகொண்டிருக்கிறது, விரிசலின் மேல் கல்லை ஒட்டி மறைத்திருக்கிறார்கள்.

சொல்லத்தான் நிமிர்ந்தேன். மாப்பிள்ளை முந்திக்கொண்டார். "இதுலயும் எதாவது நொட்டை சொன்னீங்கன்னா, நான் விஷயம் தெரிஞ்ச ஆள வச்சுப் பாத்துக்கறேன், மச்சான்."

தங்கை என் கையைப் பிடித்தாள். "எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குண்ணா. உண்மையச் சொல்லு, நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கும்மா" என்றேன்.

மாப்பிள்ளை என் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஒரு வார்த்தையில் அத்தனை பேருக்கும் சந்தோஷம்.

குடிவந்த பின், தெருவெல்லாம் மரம், நம் வீட்டில் மட்டும் ஒரு பச்சை இல்லையே என்று தங்கை குறைப்பட்டாள். பெரிய சிமென்ட் தொட்டிகளில் செடி வைக்கலாம் என்றேன். நானே வாங்கி, ஆள் வைத்து ஏற்றி, பால்கனி விளிம்பில் வரிசையாக வைத்து, மண்ணும் நிரப்பிக் கொடுத்தேன். அண்ணன் சீர் என்று ஏதாவது செய்ய வேண்டாமா. தினமும் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். ஈர மண் கனமானது, சார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டைப் படம் எடுக்கலாம் என்றதும் நான்தான். வாசலுக்கு எதிரே நின்று, "மாப்பிள்ளை, விளிம்புக்கு வாங்க, கைப்பிடியில நல்லா சாஞ்சுக்குங்க. படத்துல முழுசா விழணும்ல" என்றேன். முதல் முறையாக நான் சொன்னபடி செய்தார்.

அவரை மட்டும்தான் கூப்பிட்டேன். தங்கை தானாக வந்தாள், அவர் சட்டைக் காலரைச் சரிசெய்ய. தளம் ஒரு முறை முனகியது எனக்குக் கேட்டது. உள்ளே போ என்று அவளுக்குக் கை காட்ட நேரம் இருந்தது. காட்டியிருந்தால் ஏன் என்று மாப்பிள்ளை கேட்டிருப்பார், பிறகு ஒரு வகுப்பு எடுத்திருப்பார். நான் படத்தை எடுத்தேன்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் பிழைத்துக்கொண்டார், இடுப்பெலும்புதான் முறிவு. ஆஸ்பத்திரியில் வருகிறவர்களிடமெல்லாம் அழுகிறார்: "மச்சான் வார்த்தைய நம்பித்தானே வாங்கினேன். அவர விட விஷயம் தெரிஞ்சவங்க யாரு இருக்கா?"

இதை எல்லோர் முன்னாலும் கொஞ்சம் முன்பே சொல்லியிருந்தால், சார், என் தங்கையை அவர் காப்பாற்றியிருக்கலாம்.