வாகைப் பட்டை

கஷாயம் காய்ச்ச மண்சட்டிதான் சரி. இரும்புச் சட்டியில் காய்ச்சினால் மருந்து முறிந்துவிடும். ஷாவோசிங்கில் இது தெரியாத பெண் கிடையாது. என் தங்கை பெய்ரோங்குக்கு மட்டும் தெரியாது. அவளுக்கு எல்லாவற்றையும் நான்தான் செய்தேன்.

விவாகரத்தாகி என் வீட்டுக்கு வந்தபோது அவள் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். நான்தான் தலை வாரிவிட்டு, கஞ்சி ஊட்டினேன். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கும் வீட்டில் ஆள் துணை இல்லை. அவள் வந்ததில் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வைத்தியர் லூ நாடி பார்த்தார். "மனச்சோர்வுதான். சரி பண்ணிடலாம்" என்று சீட்டு எழுதினார். பத்து மூலிகைகள். அதில் வாகைப் பட்டையும் வாகைப் பூவும்தான் முக்கியம் என்றார். இரண்டு மாதத்தில் பெய்ரோங் எழுந்து உட்கார்ந்தாள். மூன்றாம் மாதம் சிரித்தாள்.

"அக்கா, நிங்போவுல என் சிநேகிதியோட தையல்கடைல வேலை இருக்காம். அடுத்த மாசம் கிளம்புறேன். உனக்கும் என் தொல்லை விட்டுது."

"தொல்லைன்னு நான் சொன்னேனா?"

"நீ எங்க சொல்லுவே? விட்டா என்னை ஊறுகாய் போட்டு ஜாடில அடைச்சு வெச்சுப்பே."

மறுநாளிலிருந்து பட்டையையும் பூவையும் பொட்டலத்திலிருந்து எடுத்துவிட்டேன். விஷம் எதுவும் சேர்க்கவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்ததை வீணாக்க மனம் வரவில்லை. தனியாகக் காய்ச்சி நானே குடித்தேன். நன்றாகத் தூக்கம் வந்தது.

காய்ச்சிய சக்கையை நாங்கள் தெருவில்தான் கொட்டுவோம். நாலு பேர் மிதித்தால் நோய் அவர்கள் காலோடு போய்விடும் என்பார்கள். பழக்கதோஷத்தில் நானும் கொட்டிவிட்டேன். ஒருநாள் அந்த வழியாக வந்த வைத்தியர் சைக்கிளை நிறுத்தி, குச்சியால் சக்கையைக் கிளறினார்.

"பட்டை எங்கம்மா? பூவையும் காணோமே?"

"ரெண்டாந்தரம் காய்ச்ச எடுத்து வெச்சிருக்கேன், ஐயா."

"யாரு உன்னை அப்படிச் செய்யச் சொன்னது? எல்லாத்தையும் ஒண்ணாத்தான் காய்ச்சணும். ஒருநாள்கூட விடக் கூடாது. அவ மறுபடி படுத்தா எழுந்திருக்க மாட்டா. ஞாபகம் வெச்சுக்க."

தலையாட்டினேன். அதன்பிறகு சக்கையைத் தெருவில் கொட்டவில்லை, அடுப்பில் போட்டு எரித்தேன்.

பெய்ரோங் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பினாள். "மருந்தும் கேக்கலையேக்கா. நான் கடைசிவரை இப்படியேதானா?" என்று அழுதாள். "நான் இருக்கேன்ல?" என்று தலை வாரிவிட்டேன். நிங்போ பேச்சே எழவில்லை. பதினெட்டு நாள் நிம்மதியாக இருந்தோம். பத்தொன்பதாம் நாள் நான் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் அவள் கால்வாயில் இறங்கிவிட்டாள்.

ஆமாம், நான்தான் செய்தேன். வைத்தியர் சொன்ன பிறகும், தெரிந்தேதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அந்த நிங்போக்காரி வந்து உடலைக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். பெய்ரோங்கைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?