மரத்தின் மேல் வணக்கம்

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், காஜா பெராங் ஊரில் அரிசிக்காக வரிசையில் நின்றிருந்தோம். எனக்கு முன்னால் நின்ற அம்மாள், பக்கத்தில் நின்ற மரம் வெட்டுபவரிடம் கேட்டார்: "ஏண்ணே, மரத்து மேல இருந்துக்கிட்டே குனிஞ்சு வணக்கம் வைக்கத் தெரியுமா?"

"கிளை வெட்டத்தானே கூப்பிட்டீங்க தங்கச்சி?"

"வெட்டத்தான். உளுத்துப்போன கிளை. பக்கத்து வீட்டு வாசல்ல நிக்கிற ஜப்பான் சிப்பாய் தலைக்கு நேரா தொங்குது. விழுந்துச்சுன்னா எங்க வீட்டுக்காரரைப் பிடிச்சிட்டுப் போயிருவானுங்க."

"அதுக்கு எதுக்கு வணக்கம்?"

"போன வாரம் ஒருத்தர் ஏறினாரு. வணக்கம் வைக்காம மேல நிக்கிறியான்னு இறக்கி அறைஞ்சான். இன்னும் அவருக்குக் காது கேக்கல."

மரம் வெட்டுபவர் தன் காதைத் தடவினார். நானும் என் காதைத் தடவிக்கொண்டேன், ஏதோ நான்தான் ஏறப்போவதுபோல. எனக்கு ஏணியில் ஏறினாலே தலை சுற்றும்.

"இடுப்புல கயிறு கட்டினா ரெண்டு கையும் விட்டுக் குனியலாம். ஆனா கிளையையும் கயித்துல கட்டித்தான் இறக்கணும். என்கிட்ட இருக்கறது ஒரே கயிறு. எனக்குக் கட்டினா கிளை அவன் தலையில. கிளைக்குக் கட்டினா நான் அவன் தலையில."



"எங்க கிணத்துக் கயித்தை அவுத்துத் தரேன்."

"அப்புறம் தண்ணிக்கு?"

"வீட்டுக்காரர் இருந்தாத்தானேண்ணே தண்ணியெல்லாம்."